அறுபதாவது அடுப்பு

மாவட்டக் கையேட்டின் முதல் பக்கத்தில், ‘அமைவிடமும் எல்லைகளும்’ என்ற தலைப்பின் கீழ், ‘கிழக்கே ஓடை’ என்று இரண்டே சொல்லில் முடித்திருந்தார்கள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அதை எழுதியவர் அந்த ஓடையைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார் என்று அடித்துச் சொல்வேன். பார்த்திருந்தால் இரண்டு சொல்லோடு விட்டிருக்க மாட்டார்.

எனக்குப் புள்ளிவிவர அலுவலகத்தில் வேலை. கையேட்டைப் புதுப்பிக்கும் பொறுப்பை என் தலையில் கட்டியிருந்தார்கள். என்னோடு வேலை செய்கிறவர்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே மலையின் உயரத்தைத் திருத்திவிடுவார்கள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. எதையும் போய்ப் பார்த்தால்தான் எழுத வரும். இந்தக் குணத்தால் எனக்குப் பதவி உயர்வு வந்ததில்லை. சேற்றுப்புண்ணும் வயிற்றுவலியும் பலமுறை வந்திருக்கின்றன.

அப்படித்தான் மாவட்டத்தின் கிழக்குக் கோடியில் இருந்த அந்தக் கடைசி ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். பேருந்து அதற்கு மேல் போகாது. காற்றுக்காலம். இறங்கியதுமே வாய் நிறையப் புழுதி. மொத்தம் அறுபது வீடு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு ஒற்றை அறை சுகாதார நிலையம். தங்குவதற்கு இடம் கேட்டபோது கிராம அலுவலர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நர்சம்மா வீட்டுல முன்னறை சும்மாதான் கிடக்கு. சாப்பாடும் அங்கேயே ஆயிடும். ஆனா ரொட்டிக்காரர் பேச ஆரம்பிச்சா மட்டும் எழுந்து வந்துடுங்க. இல்லேன்னா உங்க கையேடு அடுத்த வருஷம்தான் முடியும்.”

ரொட்டிக்காரர் நர்சம்மாவின் கணவர். அந்த அம்மாள் ஊருக்கு நர்ஸாக வந்து பதினாறு வருடம். ஒல்லியான உடம்பு, வேகமான நடை, தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து ரொட்டிக்காரர் பேசினார். ஒரே மகள் வெளியூர் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். ஆகவே வீட்டில் பேச்சுக்கு ஆள் கிடைத்ததில் அவருக்கு ரொம்ப சந்தோஷம்.

வீடு ஊரின் கிழக்கு ஓரத்தில் இருந்தது. முன்னறை, படுக்கையறை, சமையலறை என்று ஒன்றன் பின் ஒன்றாக நீளும் வீடு. சமையலறையைத் தாண்டினால் ஒரு படி கீழே இறங்கும். அங்கே தகரக் கூரை போட்ட கொட்டகையில் ரொட்டி அடுப்பு உட்கார்ந்திருந்தது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. குப்புறக் கவிழ்த்த பெரிய பானை மாதிரி, செங்கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டியது.

“ஓடை எங்கே?” என்று கேட்டேன். சமையலறைக்குப் பின்னால் ஓடை என்றுதான் பழைய படத்தில் இருந்தது.

“நீங்க நிக்கிற இடம்தான் சார் ஓடை” என்றார் ரொட்டிக்காரர். “பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வெள்ளம் வந்துச்சு. வடிஞ்சப்புறம் பார்த்தா அது பாட்டுக்கு முந்நூறு அடி தள்ளிப் போய் ஓடுது. எங்ககிட்ட சொல்லவுமில்லை, கொள்ளவுமில்லை. சும்மாக் கிடக்கிற இடத்தை எதுக்கு விடணும்னு கொட்டகையை இழுத்துப் போட்டு அடுப்பைக் கட்டிட்டேன்.”

“இது யார் இடம்னு கேக்கலையா?”

“யாரைக் கேக்கறது? ஓடையையா?”

மறுநாள் விடியற்காலையில் அவர் வேலை செய்வதைப் பார்த்தேன். அடுப்புக்கு உள்ளேயே விறகைப் போட்டு எரிக்கிறார். அடுப்பின் உள்கூரை முதலில் கரியாகக் கறுத்து, பிறகு அந்தக் கறுப்பும் எரிந்து வெளுக்கிறது. வெளுத்ததும் தணலை இழுத்து வெளியே தள்ளி, கழியில் கட்டிய ஈரச் சாக்கால் தரையைத் துடைக்கிறார். உள்ளே ஒரு சிட்டிகை மாவைத் தூவி விரல் விட்டு எண்ணுகிறார். பத்து எண்ணுவதற்குள் மாவு கருகினால் சூடு அதிகம். பதினைந்தில் பொன்னிறமானால் சரி. அப்புறம் நீளக் கைப்பிடி வைத்த பலகையில் மாவு உருண்டைகளை வைத்து, மேலே கத்தியால் ஒரு கீறு கீறி உள்ளே விடுகிறார். அந்த அரைமணி நேரம்தான் அவர் வாயைத் திறக்காத நேரம். ரொட்டி வெளியே வந்ததும் ஓடைக்கு இந்தப் பக்கத்து ஆட்களும் அந்தப் பக்கத்து ஆட்களும் ஒரே வரிசையில் வந்து நின்று வாங்கிப் போனார்கள்.

எனக்கு ஆர்வத்தைத் தூண்டியது அதற்குப் பிறகு நடந்ததுதான். ரொட்டி எடுத்த அடுப்புக்குள் சோற்றுப் பானை, பயற்றுச் சட்டி, பூசணித் துண்டுகள் போட்ட இன்னொரு சட்டி என்று வரிசையாகத் தள்ளி, வாயை இரும்புத் தகட்டால் மூடினார். டீக்குத் தண்ணீர்கூட அடுப்பு வாயோரம்தான் கொதித்தது.

“மத்தியானம் வரைக்கும் சூடு நிக்கும் சார். சும்மா காத்துல போற சூட்டை எதுக்கு விடணும்?”

மத்தியானம் அந்தப் பூசணிக்காயைச் சாப்பிட்டேன். அடி பிடிக்காமல், குழையாமல், ஓரத்தில் லேசாகச் சுருங்கி, தன் இனிப்பிலேயே ஊறிக் கிடந்தது. மூன்று முறை கேட்டு வாங்கினேன். வெட்கம் பார்த்தால் அது கிடைக்காது.

அந்த வாரம் ஊரில் ஒரே பேச்சு எல்லைக் கல். ஓடை நகர்ந்ததால் இரண்டு மாவட்டத்துக்கும் குழப்பம். இந்தப் பக்கத்து வரைபடம் ஒன்று சொல்கிறது, அந்தப் பக்கத்து வரைபடம் இன்னொன்று சொல்கிறது. அதனால் புதிதாக அளந்து கல் நட சர்வேயர் வரப்போகிறார். நில அளவை விதிப் புத்தகத்தைக் கிராம அலுவலரிடம் வாங்கிப் படித்தேன். எனக்கு இந்த மாதிரிப் புத்தகம் என்றால் உயிர். ஓடை நகர்ந்தாலும் எல்லை நகராது, பழைய ஓடையின் நடுக்கோடுதான் எல்லை என்று அதில் இருந்தது. அடுத்த பத்தியைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கோடு ஒரு வீட்டின் ஊடாகப் போனால், அந்த வீட்டின் அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்தோடு வீட்டைச் சேர்க்க வேண்டும். அடுப்பு என்றால், குடும்பத்துக்கான சாப்பாடு ஆறு மாதமாவது தொடர்ந்து சமைக்கப்பட்ட அடுப்பு.

வீட்டுக்கு ஓடி வந்து படத்தையும் வீட்டையும் வைத்து அடி அளந்து பார்த்தேன். பழைய ஓடையின் நடுக்கோடு, சமையலறைக்கும் கொட்டகைக்கும் நடுவில் இருந்த அந்த ஒற்றைப் படியின் மேல் வந்து விழுந்தது. சமையலறையில் இருந்த கேஸ் அடுப்பு இந்த மாவட்டம். ரொட்டி அடுப்பு அடுத்த மாவட்டம்.

“உங்க வீடு ரெண்டு மாவட்டத்துல இருக்கு!” என்றேன், ஏதோ பரிசு விழுந்த செய்தியைச் சொல்கிற மாதிரி.

நர்சம்மா குழந்தைகளை எடை போடும் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “தெரியும் சார். ஒரு மாசமா அந்தக் கவலைதான்.”

“கவலைப்பட என்ன இருக்கு?”

“அறுபது வீடு இருந்தாத்தான் ஒரு ஊருக்கு நர்ஸ் போடுவாங்க. எங்க ஊர்ல கரெக்டா அறுபது. இந்த வீடு அந்தப் பக்கம் போயிட்டா அம்பத்தொம்போது. போஸ்ட்டை எடுத்துடுவாங்க. இப்ப எடுக்கிற கணக்குதான் அடுத்த பத்து வருஷத்துக்கு. நான் நாளைக்கே ஊருக்குள்ள குடி போனாலும் செல்லாது.”

“உங்களை?”

“மேற்கு மலையோரத்துல ஒரு இடம் காலியா இருக்காம். அங்கே போடப்போறதா ஆபீஸ்ல பேச்சு. ரெண்டு பஸ், அப்புறம் ஒரு ஜீப்பு. போக ஒரு நாள், வர ஒரு நாள்.”

“அவரும் கூட வருவார்தானே?”

“அவரையே கேளுங்க.”

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. கொட்டகையிலிருந்து குரல் வந்தது. “நான் எங்கேயும் வரமாட்டேன்! வேலையை விட்டுடுன்னு நானும் சொல்லமாட்டேன், அடுப்பை விட்டுடுன்னு அவளும் சொல்லக்கூடாது. சைக்கிள் கடை வெச்சேன், ஊத்திக்கிச்சு. கோழி வளர்த்தேன், சீக்கு வந்து மொத்தமும் போச்சு. இந்த அடுப்பே ரெண்டு தடவை இடிஞ்சு விழுந்துச்சு சார். மூணாவது தடவைதான் நின்னுச்சு. பத்து வருஷமா நிக்குது. இது என்ன தகரப் பெட்டியா, தலையில தூக்கி வெச்சுக்கிட்டுப் பொண்டாட்டி பின்னாடி போக?”

நர்சம்மா தராசை ஆணியில் மாட்டினார். “பாத்தீங்களா? இதுதான் எங்க வீட்டு எல்லைப் பிரச்சினை” என்றார். சிரித்த மாதிரிதான் இருந்தது. ஆனால் உள்ளே போய்விட்டு நெடுநேரம் வெளியே வரவில்லை. பரிசு விழுந்த மாதிரி கத்திய என் வாயை நானே கிள்ளிக்கொள்ளலாம் போல் இருந்தது.

இவ்வளவுக்கும் காரணம் யார் என்று விசாரித்தால், அக்கரை ஊரின் தலைவரைக் காட்டினார்கள். ரெண்டு ஊரிலும் அவருக்குப் பெயர் ‘அறுபது’. ஆறு வருடமாக எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் “அறுபது வீடு ஆகட்டும், அப்புறம் பாருங்க” என்றே பேசிப் பேசி அந்தப் பெயர் வந்துவிட்டது. அவர் ஊரில் ஐம்பத்தொன்பது வீடுதான். அளக்கச் சொல்லி மனு மேல் மனு போட்டவரும் அவர்தான்.

ஏதோ வில்லனை எதிர்பார்த்தேன். வந்தவர் முழங்கால் வரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி ஓடையைத் தாண்டி வந்து, வழக்கம்போல நாலு ரொட்டி வாங்கிக்கொண்டு கொட்டகையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“என் மேல கோவமாத்தான் இருப்பீங்க ரொட்டிக்காரரே.”

“கோவம் என்ன கோவம்? ரொட்டியில கல்லு போட்டா குடுக்கறேன்?”

அறுபது என் பக்கம் திரும்பினார். “சார், நீங்க படிச்சவரு, நியாயத்தைச் சொல்லுங்க. எங்க ஊருக்கு ஒரு நர்ஸ் வேணுமா வேணாமா? எதுக்கெடுத்தாலும் ஓடையைத் தாண்டி நர்சம்மாகிட்ட வரோம். அவங்க பாக்கறாங்க, இல்லேங்கலை. ஆனா அந்தக் கணக்கு எந்த நோட்டுலயும் ஏறாது. எங்க ஊருல யாருக்குமே காய்ச்சல் வந்ததில்லைன்னுதான் எங்க மாவட்டத்துல நெனச்சுக்கிட்டிருக்காங்க.”

அது உண்மை. நர்சம்மாவிடம் இரண்டு நோட்டு இருந்தது. ஒன்று அலுவலகத்துக்கு அனுப்புவது. மற்றொன்று, அட்டை கிழிந்து நூல் போட்டுத் தைத்தது, அக்கரை ஆட்களுக்கானது. அதை வாங்கிக்கொள்ள எந்த அலுவலகமும் இல்லை. இருந்தாலும் ஒவ்வொரு பிரசவமும், ஒவ்வொரு குழந்தையின் எடையும் தேதி போட்டு எழுதியிருந்தார். எதற்கு என்று கேட்டேன். “பாத்ததை எழுதணுமில்ல” என்றார்.

“வேற வழியில அறுபது ஆக்க முடியாதா?” என்று அறுபதிடம் கேட்டேன்.

“ஆக்கிப் பாத்தேனே! நானும் என் தம்பியும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. ரெண்டு அடுப்பா பிரிச்சா ரெண்டு வீட்டுக் கணக்குன்னு சொன்னாங்க. சரின்னு என் சம்சாரத்தையும் தம்பி சம்சாரத்தையும் தனித்தனியா சமைக்கச் சொன்னேன். ஆறு மாசம் புகையணும். நாலாவது மாசம் ரெண்டு பேரும் மறுபடியும் ஒண்ணு சேந்துட்டாங்க. வருஷம் முழுக்க சண்டை போடறவங்க சார். போடுங்கன்னு சொன்னா மட்டும் போடமாட்டேங்கறாங்க.”

ரொட்டிக்காரர் உட்படச் சிரித்துவிட்டோம். அறுபது மட்டும் சிரிக்கவில்லை. “என் மருமகளுக்கு இப்ப ஏழாவது மாசம். ஓடையில தண்ணி ஏறற நாளா பாத்து வலி வந்தா என்ன பண்றது? அந்த பயம்தான் சார் எனக்கு” என்றார்.

அவர் போனபின் ரொட்டிக்காரர் ரொம்ப நேரம் யோசனையில் இருந்தார். பிறகு என்னிடம் ரகசியம் பேசுகிறவர் மாதிரி குனிந்தார்.

“நாங்க எந்த அடுப்புல சமைக்கிறோம்னு சர்வேயருக்கு எப்படித் தெரியும்?”

நான் தடுத்திருக்க வேண்டும். அரசாங்க ஊழியன் நான். ஆனால் ஐந்து நாளாக அந்த வீட்டுச் சோற்றைத் தின்றிருந்தேன். நர்சம்மா உள்ளே போய்விட்டு வெளியே வராத அந்தச் சாயங்காலமும் மனசில் இருந்தது. “தெரிய வழியில்லை” என்றேன். அப்புறம் இரண்டு பேரும் களத்தில் இறங்கினோம்.

கேஸ் அடுப்பின் மேல் பழைய பதிவேடுகள் அடுக்கியிருந்தன. அவற்றை எடுத்து அலமாரியில் வைத்தோம். ஒட்டடையைத் துடைத்தோம். பக்கத்தில் ஒரு தீப்பெட்டி, ஒரு பிடிதுணி, எண்ணெய்க் கிண்ணம் வைத்தோம். பானைகளில்தான் சிக்கல். ரொட்டி அடுப்புக்குள் போன பானை சுற்றிலும் கறுத்திருக்கும். கேஸில் வைத்தது அடி மட்டும்தான் கறுக்கும். நான்தான் இதைக் கண்டுபிடித்துச் சொன்னேன். ரொட்டிக்காரர் என்னை மரியாதையோடு பார்த்துவிட்டு, சாம்பலும் மணலும் போட்டுப் பானைகளின் பக்கத்தை மட்டும் தேய்த்தார். அவர் கை முழங்கை வரை கறுத்துப்போனது.

நர்சம்மா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

“என்னங்க இது?”

“நீ ஒண்ணும் சொல்லவேணாம். பேசாம இரு. அது உனக்கு நல்லா வரும்.”

“என்கிட்ட கேட்டா?”

“கேக்கமாட்டாங்க. அடுப்பைப் பாத்துட்டுப் போயிடுவாங்க.”

நர்சம்மா என்னைப் பார்த்தார். நான் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைப்பதில் மும்முரமாக இருந்தேன்.

சர்வேயர் மறுநாள் காலை எட்டு மணிக்கே வந்துவிட்டார். நடுத்தர வயதுப் பெண். தலையில் தொப்பி, அதற்கு மேல் ஒரு துண்டு, காற்றில் பறக்காமல் முடிச்சுப் போட்டிருந்தார். கூட இரண்டு உதவியாளர்கள், முக்காலி, சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த கம்பு. புழுதிக் காற்றில் கம்பை நேராக நிறுத்தவே அவர்கள் பட்ட பாடு பெரும் பாடு. பத்தரை மணிக்குக் கோடு வீட்டுக்கு வந்தது. நான் அடி அளந்து சொன்னது சரிதான். படியின் மேல் சுண்ணாம்பில் ஒரு பெருக்கல் குறி விழுந்தது. அறுபது அதற்கு அந்தப் பக்கம் கைகட்டி நின்றார். இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர்.

“சமையல் எங்கே?” என்று கேட்டார் சர்வேயர்.

“இங்கே மேடம், இங்கே!” ரொட்டிக்காரர் சமையலறைக்குள் வழிகாட்டினார். விடியற்காலையில் ரொட்டி அடுப்பில் வெந்து, தேய்த்த பானைகளுக்கு மாறிய சோறும் பூசணியும் கேஸ் அடுப்பின் மேல் ஆவி பறக்க உட்கார்ந்திருந்தன. சர்வேயர் மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

“பூசணிக்காயா? வாசனையா இருக்கே.”

“எங்க வீட்டுல தினமும் இங்கதான் மேடம் சமையல். அது ரொட்டிக்கு மட்டும். வியாபாரம்.”

சர்வேயர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். அவ்வளவுதான். கோப்பை மூடப் போகிறார். ரொட்டிக்காரரின் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் சந்தேகத்துக்கு ஒரு துளிகூட இடம் வைக்கக் கூடாது என்று என் புத்தி வேலை செய்தது. அதிகப்பிரசங்கித்தனம் என்று இதற்குத்தான் பெயர்.

“மேடம், காலையிலேர்ந்து வெயில்லயே நிக்கறீங்க. ஒரு டீ சாப்பிடுங்களேன். இதோ, இந்த அடுப்புலயே ரெண்டு நிமிஷத்துல ஆயிடும்” என்றேன்.

“சரி, குடுங்க” என்றார் அவர்.

ரொட்டிக்காரர் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தார். திருகைத் திருப்பினார். தீக்குச்சியைக் கிழித்துக் காட்டினார். குச்சி விரல் வரை எரிந்து அணைந்தது. இன்னொரு குச்சி. இன்னொன்று. சமையலறையில் தீக்குச்சி வாசனை மட்டும் வந்தது.

“மூணாவது குச்சி” என்றார் அறுபது, வாசலிலிருந்து. கேலியாகச் சொன்ன மாதிரி இல்லை. வாய் தன்னால் எண்ணிவிட்டது.

ரொட்டிக்காரர் குனிந்து சிலிண்டரை அசைத்துப் பார்த்தார். அது ஒரு கையாலேயே தூக்க வந்துவிட்டது. பானையின் பக்கத்தைத் தேய்க்கத் தோன்றிய எங்கள் இரண்டு பேருக்கும் சிலிண்டரில் கேஸ் இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை. தினமும் சமைக்கிறவர்கள்தானே அதைப் பார்ப்பார்கள்.

“இப்பத்தான் தீந்திருக்கு போல” என்றார் ரொட்டிக்காரர்.

“இருக்கலாம்” என்றார் சர்வேயர். “சிலிண்டர் வாங்கின புத்தகம் இருக்கா?”

“அது எங்கேயோ தொலைஞ்சு...”

நர்சம்மா அலமாரியைத் திறந்து, புத்தகத்தை எடுத்து வந்து சர்வேயர் கையில் கொடுத்தார். கடைசியாகச் சிலிண்டர் மாற்றிய தேதிக்குப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

“அதுவும் மக லீவுக்கு வந்தப்ப, அவளுக்கு வெந்நி போட வாங்கினது மேடம்” என்றார் நர்சம்மா. “எங்க சாப்பாடு எல்லாம் அந்த அடுப்புலதான். ரொட்டி எடுத்தப்புறம் சூடு வீணாப் போகுதேன்னு ஆரம்பிச்சது. அஞ்சு வருஷமாச்சு.”

“இந்தாம்மா!” என்று ரொட்டிக்காரர் கத்தினார்.

சர்வேயர் பேனாவைக் கீழே வைத்தார். “நர்ஸ்தானே நீங்க? இதனால உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமா?”

“தெரியும். குழந்தை எடையைக் கால் கிலோ கூட்டி எழுதுங்க, மாமியார் திட்டுவாங்கன்னு எத்தனையோ பொண்ணுங்க என் கையைப் பிடிச்சு அழுதிருக்காங்க. ஒரு தடவைகூட எழுதினதில்லை. இன்னிக்கு என் வீட்டுக்காக ஒண்ணை மாத்திச் சொல்லிட்டு, நாளைக்கு எந்த மூஞ்சியோட அந்த நோட்டைத் திறப்பேன்?”

சர்வேயர் பேனாவை மறுபடி எடுத்தார். பிறகு எழுதியதில் ஒரு வரியை அடித்துவிட்டு, வேறு ஒன்றை எழுதி, நர்சம்மாவிடம் கையெழுத்து வாங்கினார். வீடு அந்தப் பக்கம் போய்விட்டது.

அறுபதுக்கு அறுபது கிடைத்துவிட்டது. ஆனால் மனிதர் படியை விட்டு நகரவில்லை.

“எங்க ஊருக்கு எப்ப மேடம் நர்ஸ் வருவாங்க?”

“அறிக்கை போகணும். அரசாணை வரணும். அப்புறம் கட்டடம், ஆள் எடுக்கறது. மூணு வருஷத்துல எதிர்பாக்கலாம்.”

“மூணு வருஷமா! நர்சம்மா இங்கதானே இருக்காங்க? அவங்களையே எங்களுக்குப் போட்டுடுங்க.”

“அண்ணே, உங்க மாவட்டம் வேற, எங்க மாவட்டம் வேற” என்றார் நர்சம்மா. “புதுசா சேரணும்னா நாப்பது வயசுக்கு மேல எடுக்கமாட்டாங்க. எனக்கு நாப்பத்தேழு.”

அறுபது சர்வேயரைப் பார்த்தார். “அப்ப எனக்கு இந்த வீடு வேணாம் மேடம். அம்பத்தொம்போதே இருக்கட்டும்.”

“வேணும் வேணாம்னு சொல்ல இது என்ன பூசணிக்காயா? எல்லை சார்.” சர்வேயர் துண்டை இறுக்கி முடிந்துகொண்டு வெளியே போனார். முக்காலி அடுத்த கல்லை நோக்கி நகர்ந்தது.

அறுபது அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். சுண்ணாம்புக் குறி அவர் வேட்டியில் ஒட்டியது. ஆறு வருடம் அலைந்து அவர் கேட்டது நியாயமான ஒன்றுதான். அது கிடைத்த கையோடு, இருந்த ஒரு நர்சும் போகப்போகிறார். எனக்கு அவர் மேல் கோபப்பட வரவில்லை.

“மருமகளை வாராவாரம் அனுப்புங்க அண்ணே” என்றார் நர்சம்மா. “ஆர்டர் வந்தாலும் எனக்கு முப்பது நாள் டைம் இருக்கு. கடைசி மாசம் டவுன்ல பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. தண்ணி ஏறுற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்காதீங்க. நான் எல்லாத்தையும் எழுதித் தரேன்.” அந்தத் தைத்த நோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார். “புது நர்ஸ் வந்தா இதை மறக்காம குடுங்க. உங்க ஊர்ல யாருக்கு என்னன்னு முழுசா இதுல இருக்கு.”

அறுபது நோட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எழுந்து ஓடையை நோக்கிப் போனார். ரொட்டியைக்கூட மறந்துவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானம் சாப்பாடு போட்டார்கள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். “என்னாலதான்” என்று ஆரம்பித்தேன். “டீ வேணுமான்னு கேக்காம இருந்திருந்தா...”

“விடுங்க சார். நீங்க கேக்கலைன்னா நானே சொல்லியிருப்பேன். நேத்தே முடிவு பண்ணிட்டேன்” என்றார் நர்சம்மா. “அவர்கிட்டதான் சொல்ல தைரியம் வரலை.”

ரொட்டிக்காரர் எங்களோடு உட்காரவில்லை. கொட்டகையில், அடுப்புக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். வந்த நாளிலிருந்து அந்த மனிதர் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல வாய் மூடி இருந்து நான் பார்த்ததில்லை. தட்டில் சோறு போட்டு நர்சம்மா கொண்டுபோய் வைத்தார். அவர் தொடவில்லை. தகரக் கூரை காற்றில் படபடத்துக்கொண்டே இருந்தது. நர்சம்மா திரும்பி வந்து, எனக்குப் போடுவதற்காகக் கரண்டியைக் கையில் எடுத்தார். எடுத்தவர் போட மறந்து அப்படியே நின்றார்.

“சார்” என்று கொட்டகையிலிருந்து கூப்பிட்டார் ரொட்டிக்காரர். திரும்பாமலே கேட்டார். “மண்ணைப் பத்தியெல்லாம் உங்க கையேட்டுல இருக்குமில்ல?”

“இருக்கும்.”

“மேற்கு மலையோரத்துல என்ன மண்ணு?”

நர்சம்மாவின் கையிலிருந்த கரண்டி சட்டியின் விளிம்பில் தட்டியது.

“செம்மண்” என்றேன். “கொஞ்சம் சரளை கலந்திருக்கும்.”

“சரளைன்னா சலிச்சு எடுக்கணும். செம்மண்ணுக்குப் பிடிப்பு இருக்கும், ஆனா காயறப்ப வெடிக்கும். உமி நிறையப் போடணும்.” அவர் எழுந்து அடுப்பின் முதுகில் கையை வைத்தார். இன்னும் சூடு இருந்திருக்க வேண்டும். “மறுபடியும் ரெண்டு தடவை இடிஞ்சு விழுமோ என்னமோ. ஏம்மா, அங்கே வீடு பாக்கறப்ப பின்னாடி கொஞ்சம் இடம் இருக்கற வீடா பாரு. நான் எல்லாத்தையும் மூட்டை கட்டிக்கிட்டுப் பத்து நாள்ல பின்னாடியே வந்துடறேன்.”

சர்வேயர் முன்னால் கலங்காத நர்சம்மாவின் கண் அப்போது நிரம்பிவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, என் தட்டில் பூசணியை அள்ளிப் போட்டார். குரலை மட்டும் எப்போதும் போல வைத்துக்கொள்ளப் பார்த்தார்.

“பாக்கறேன். ஆனா கட்டறதுக்கு முன்னாடி, கோடு எங்கே போகுதுன்னு ஒரு தடவை யாரையாச்சும் கேட்டுக்கங்க.”